வைபர்னம் வாங்கும் முன் முழுப்பெயரைக் கேளுங்கள்

போன மாதம் சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரைவீட்டில் செடிவேலி வெட்டப் போயிருந்தேன். வேலை முடிந்து கத்தரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அக்கா பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு வருஷமா தண்ணி, உரம் எல்லாம் சரியாத்தான் போகுது. ஒரு பூவைக்கூடக் காணோம்.”

தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி. பருத்தி இலை மாதிரி மூன்றாகப் பிரிந்த இலைகள், அதுவும் ஏழோ எட்டோதான். இணையத்தில் படம் பார்த்து வாங்கினாராம். படத்தில் பந்து பந்தாக வெள்ளைப் பூ. நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது, உயிர் போகவில்லை. ஆனால் அந்தச் செடி இங்கே பூக்காது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

அது ‘பனிப்பந்து’ என்று விற்கப்படும் வைபர்னம் ஓபுலஸ். குளிர்நாட்டுச் செடி. இலையுதிர்த்து, குளிர்காலம் முழுக்கத் தூங்கி, வெயில் திரும்பியதும் பூத்துக் குலுங்கும். அந்தத் தூக்கம் கிடைக்காவிட்டால் செடிக்குக் காலமே புரியாது. ஓரிரு இலை விட்டு விட்டு மெலிந்துகொண்டே போகும். சிங்கப்பூரில் வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. ஏர்கான் அறையில் வைத்தால் பூக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. 24 டிகிரியில் நமக்குத்தான் சளி பிடிக்கும், செடி அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்ளாது.

வைபர்னம் என்பது ஒரு செடியின் பெயர் அன்று, ஒரு பெரிய குடும்பப் பெயர். 150 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. நீலகிரிச் சோலைக்காடுகளில்கூடச் சில உண்டு. எனவே விற்பவர் “வைபர்னம்” என்று மட்டும் சொன்னால் போதாது. அடுத்த சொல் என்ன என்று கேளுங்கள். ஓபுலஸ், மேக்ரோசெபாலம் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓடோராடிசிமம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

வைபர்னம் ஓடோராடிசிமம் வடகிழக்கு இந்தியாவிலிருந்து சீனா, பிலிப்பீன்ஸ் வரை பரவியிருப்பது. ஆண்டு முழுக்கப் பச்சை, எண்ணெய் தேய்த்தது போல மினுக்கும் தடித்த இலை. ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். நர்சரியில் சந்தேகம் வந்தால் நான் முதலில் செய்வது இதுதான். ஜப்பானில் இதன் நெருங்கிய உறவை வீட்டைச் சுற்றித் தீத்தடுப்பு வேலியாக நட்டிருக்கிறார்கள். இலையிலும் கட்டையிலும் அவ்வளவு ஈரம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நம் வெக்கையில் பூவை எதிர்பார்த்து இதை நடாதீர்கள், நான் இலைக்காகத்தான் பரிந்துரைக்கிறேன். விட்டால் மூன்று நான்கு மீட்டருக்கு மேலும் போகும். அதனால் இது தரைவீட்டுக்கான செடி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் தொட்டியை அடுக்க நினைத்தால், வழி 1.2 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியும் இருக்கிறது.

நடும்போது நான் அதிகம் பார்க்கும் தவறு, செடியைத் தொட்டியோடு வந்த மண்கட்டி கலையாமல் அப்படியே குழியில் இறக்குவது. ஒரு வீட்டில் இரண்டு வருடமாக வளராத செடியைத் தோண்டி எடுத்தேன். வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றி, நடுவில் நர்சரிக்காரர் வைத்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. வெளிமண்ணைத் தொட்ட வேர் ஒன்றுகூட இல்லை. பையைக் கிழித்து எடுங்கள், சுற்றிய வேர்களை விரலால் பிரித்து விடுங்கள், முரண்டு பிடிப்பதை வெட்டியே விடலாம். நம் மண் பெரும்பாலும் களி. தோண்டிய குழியில் ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அங்கே நேராக நடாமல் மேடு கட்டி நடுங்கள். வேரழுகல் வந்த பிறகு மருந்து தேடுவது வீண்வேலை. வேலியாக நடுவதற்குச் செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி போதும். முதல் மூன்று மாதம் தண்ணீர் முக்கியம், அப்புறம் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றினால் சரி.

வெட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்கும்படி வெட்ட வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலே குடை விரிந்து, கீழே வெயில் படாமல் கால் மொட்டையாகிவிடுகிறது. மின்கத்தரியால் மேலாக மட்டும் சீவிக்கொண்டே இருந்தால் வெளியே பச்சை ஓடு, உள்ளே வெறுங்குச்சி. வருடத்துக்கு ஒருமுறை சில முதிர்ந்த கிளைகளை அடியோடு எடுத்தால் உள்ளே காற்று ஓடும். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் பாதி குறைந்துவிடும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா? இலையில் கரி பூசியது போல இருக்கிறதா? அப்படியானால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு, மாலையில், அடிப்பக்கம் நனைய அடித்தால் போதும். எடுத்த எடுப்பில் ரசாயனம் வேண்டாம்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2020இல் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தட்டில் நிற்கும் நீர் எல்லோருக்கும் தெரியும். தொட்டியின் மேல்மண் இறுகி அதன்மேல் தண்ணீர் தேங்குவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முள்கரண்டியால் மண்ணைக் கிளறி விடுங்கள்.

அக்காவுக்கு வேண்டியது வெள்ளைப் பூப்பந்துதான். வெள்ளை இட்லிப்பூ நடச் சொன்னேன். வாசம் வேண்டுமென்றால் பக்கத்தில் கெமுனிங் என்ற வெள்ளைப் பூச்செடி ஒன்று, நம் கறிவேப்பிலைக்குச் சொந்தம்தான். சரி என்றார். ஆனால் பனிப்பந்தைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. “உயிர் இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று என்னையே மடக்கினார். தொட்டியின் அடியிலிருந்த தட்டை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன்.