“ஒரு சுவர்தானே சார்?”

போன மாசியில் கும்பகோணத்தில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முப்பது வருடத்து வீடு, தரைத்தளம் மட்டும். மகளின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைக்கலாம் என்று ஹாலைப் பெரிதாக்கியிருந்தார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த ஒன்பது அங்குலச் சுவரை மேஸ்திரி இரண்டே நாளில் இடித்து எடுத்துவிட்டார்.

வாசலில் நுழையும்போதே கதவு இழுத்துப் பிடித்தது. ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல், தலைமுடி கனம். சுவர் இருந்த இடத்துக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1 டன். அந்த வீட்டில் பில்லரும் கிடையாது, பீமும் கிடையாது. தளத்தின் பாரம் மொத்தமும் சுவர் மேல்தான். முதலில் தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் தளத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேச முடிந்தது.

“ஒரு சுவர்தானே சார், இதுக்கெல்லாமா பர்மிஷன்?” என்றார். என்னிடம் வருகிற பாதிப் பேர் கேட்பது இதைத்தான். செலவு குறைவென்றால் அனுமதி வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதி செலவைப் பார்ப்பதில்லை. பாரம் தாங்கும் பகுதியில் கை வைக்கிறோமா, பரப்பளவோ உயரமோ கூடுகிறதா, பக்கத்து மனையை ஒட்டிப் போகிறோமா என்றுதான் பார்க்கிறது.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு, தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுவது, ஓடு மாற்றுவது, அடுத்தவர் இடத்தைப் பார்க்காத பக்கம் ஜன்னல் வைப்பது, அறைக்குள் தடுப்பு போடுவது இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை. ஆனால் கட்டடத்தின் உறுதிக்குப் பங்கம் வராத வரைதான் இந்த விலக்கு. இந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை.

மாடியில் ஒரு அறை எடுப்பது அப்படியல்ல, அதற்குக் கட்டாயம் அனுமதி வேண்டும். நான் முதலில் கேட்பது பழைய பிளானின் நகலை. அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது, பக்கத்தில் எவ்வளவு காலி இடம் விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியாமல் கோடு கிழிக்க முடியாது. பெரும்பாலும் தகராறு வருவது மாடிப்படியில்தான். உள்ளே இடமில்லையென்று பக்கவாட்டுக் காலி இடத்தில் படியை இறக்கிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு எழுதினால் போதும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும். பூட்டி சீல் வைக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி எதுவும் வராவிட்டாலும், வீட்டை விற்கும்போதோ கடன் கேட்கும்போதோ பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் பிளானையும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

தாராசுரம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டுவதற்கும் தொல்லியல் அனுமதி தேவை. தலைமுறையாகத் தறி போட்டு அங்கேயே வாழும் குடும்பங்களுக்கு இது பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும். மழைக்கு ஒழுகுகிற கூரைக்குக்கூட மனு போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ராத்திரியோடு ராத்திரியாகத் தளம் போடுவதற்கு நான் எந்தக் காலத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். இடித்தால் போவது அந்தக் குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும்.

பழையதை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு வழி எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உடனே கிடைக்கிறது என்பதால் விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கொடுத்த அளவு சரி என்ற பொறுப்பு நம் தலையில் வருகிறது. மனை அங்கீகாரம் இல்லாததென்றால் முதலில் அதை வரன்முறைப்படுத்த வேண்டும்.

அப்புறம், அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியை அடைத்து அறையாக்குவதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிச்சுவரும் பில்லரும் பீமும் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல.

கும்பகோணம் வீட்டில் சுவர் இருந்த இடத்தில் இப்போது இரும்பு பீம் ஒன்று, இரண்டு பக்கமும் புதுத் தூண் எழுப்பி உட்கார்ந்திருக்கிறது. சுவரை இடித்த கூலியைப் போலப் பல மடங்கு ஆயிற்று. நிச்சயதார்த்தத்தை மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பீரோவில் பழைய பிளான் கிடைத்துவிட்டது. மாறுதலை அதிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறேன். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் தேதி எழுதிக் குறி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், இதுவரை குறியைத் தாண்டவில்லை.