வாஷிங்டனின் வடிசாலையில் ரை விஸ்கி உருவாகும் விதம்

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில், வர்ஜீனியாவில், 1797-இல் தொடங்கிய வடிசாலை 1799-இல் மட்டும் ஏறக்குறைய 11,000 கேலன் விஸ்கி வடித்தது. 1814-இல் தீக்கிரையான அந்தக் கட்டடத்தை அகழாய்வின் துணையோடு மீண்டும் எழுப்பி, 2007-இல் திறந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு உடையில் நின்று வேலை செய்து காட்டுபவர்களைப் பார்ப்பவர்கள் அந்த உடையைத்தான் படமெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது அவர்கள் கை.

முதல் வேலை பக்கத்திலுள்ள மாவு ஆலையில். நீர்ச்சக்கரம் சுழற்றுவது மேல்கல்லை மட்டுமே, கீழ்க்கல் அசையாது. இரண்டுக்கும் நடுவே விளிம்பில் காகிதத் தடிமன் இடைவெளிதான். தானியம் தீர்ந்தபின் கல் வெறுமனே ஓடினால் கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறக்கும், மாவில் கல்துகள் விழும். வாஷிங்டன் 1791-இல் பொருத்திய அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலிவர் எவன்ஸின் இயந்திர அமைப்பு, மாவை வாளிப் பட்டையால் மேலே ஏற்றி, சுழலும் துடுப்பால் பரப்பி ஆற்றியது. சூடான மாவைக் குவித்து வைத்தால் கெட்டுவிடும் அல்லவா!

வடிசாலைக்குப் போகும் அரைப்பில் 60 சதவீதம் ரை என்ற தானியம், 35 மக்காச்சோளம், 5 முளைகட்டிய பார்லி. அந்த 5 சதவீதம்தான் சூட்சுமம். மாவுச்சத்தை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் முளைத்த பார்லியில்தான் ஏராளம். அதனால் வரிசை தவறக்கூடாது. கொதிநீரில் முதலில் சோளம். சற்று ஆறியதும் ரை. 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கியபின் பார்லி. 75-க்கு மேல் போட்டால் நொதி செத்துப்போகும். பிறகு எத்தனை நாள் வைத்தாலும் அது வெறும் கஞ்சி. ரை பசைபோல் இழுக்கும், கட்டி தட்டும்; கட்டிக்குள் இருக்கும் மாவைத் தண்ணீரும் தொடாது, நொதியும் தொடாது. ஆகவே மரப்பீப்பாயில் துடுப்பு போட்டு ஓயாமல் கிளற வேண்டும். வாஷிங்டனின் மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். ஆனால் அன்று இங்கே உழைத்தவர்கள் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோதி என்ற ஆறு அடிமைகள்.

ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் நுரை அடங்கும், ஊறல் தயார்.

வாலை என்ற செம்பு வடிகலத்துக்குக் கீழே விறகுத் தீ. தானியச் சக்கையோடுதான் ஊறலை ஊற்றுவதால், கொதி வரும்வரை கிளறாவிட்டால் அடிப்பிடித்து, அந்தக் கருகல் வாடை கடைசித் துளிவரை வரும். கொதி நெருங்கியதும் மூடியைப் பொருத்தி, இடுக்குகளை ரை மாவுப் பசையால் அடைப்பார்கள். தீ கூடினால் ஊறலே பொங்கிக் குழாய்க்குள் ஏறும். குளிர்தொட்டியில் சுருள் குழாயைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடானாலோ ஆவி குளிராமல் வெளியேறும், எரியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே. முதல் வடிப்பு வலு குறைந்தது. அதையே திரும்ப வடித்தால்தான் விஸ்கி. வாலையில் மிஞ்சிய சக்கை அன்று பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் தீவனமாகப் போனது.