பான்சர் டிவிஷன்: டாங்கிப் படையா, கவசப் படைப்பிரிவா?

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் எதிலும் ‘பான்சர்’ என்ற சொல் எங்காவது தலைகாட்டிவிடும். ‘ஹிட்லரின் பான்சர் டாங்கிகள் சீறிப் பாய்ந்தன’ என்பது போல ஒரு வரி கட்டாயம் இருக்கும். படிக்கிறவர்கள் பான்சர் என்பது ஒரு டாங்கியின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆவடியில் செய்த விஜயந்தா, அர்ஜுன் மாதிரி. அது அப்படிப்பட்ட பெயர் அல்ல. ஜெர்மன் மொழியில் பான்சர் என்றால் கவசம், அவ்வளவுதான். ஆமையின் முதுகில் இருக்கும் ஓடும் அவர்களுக்குப் பான்சர்தான். குண்டு துளைக்காத கண்ணாடி பான்சர்கிளாஸ். நகையும் பணமும் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டகம் பான்சர்ஷ்ராங்க்.

சொல்லின் பூர்வீகம் ஜெர்மனி கூட இல்லை. லத்தீனில் வயிற்றையும் குடலையும் குறிக்கும் ‘பான்டெக்ஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் ‘பான்ஸ்’ ஆனது. வயிற்றை மறைத்து அணியும் கவசத்துக்கு அதிலிருந்து ‘பான்சியெர்’ என்று பெயர் வந்தது. இடைக்காலத்தில் ஜெர்மன் மொழி அதை வாங்கிக்கொண்டு, முதலில் வயிற்றுக் கவசத்துக்கும் பிறகு கவசம் எல்லாவற்றுக்குமாகப் பயன்படுத்தியது. தொப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வேர்தான். ஐரோப்பாவை நடுங்க வைத்த சொல்லின் அடியில் ஒரு தொப்பை இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இரும்புத் தகடு போர்த்திய போர்க்கப்பல்கள் வந்தபோது ஜெர்மானியர் அவற்றைப் பான்சர்ஷிஃப், அதாவது கவசக் கப்பல் என்றார்கள். அதே வழியில் டாங்கிக்கு ‘பான்சர்காம்ப்வாகன்’ என்று பெயர் வந்தது. பான்சர் கவசம், காம்ப் போர், வாகன் வண்டி: கவசப் போர் வண்டி. இவ்வளவு நீளத்தைப் போர்க்களத்தில் யார் சொல்லிக்கொண்டிருப்பது? பேச்சில் பான்சர் என்று சுருங்கிவிட்டது. நம் கட்டுரைகளில் வரும் குழப்பம் இந்தச் சுருக்கத்திலிருந்து பிறந்ததுதான். ‘பான்சர் டாங்கி’ என்றால் டாங்கி டாங்கி என்று இரண்டு முறை சொல்வதாகவே வரும்.

டாங்கி என்ற சொல்லின் கதை வேறு. முதல் உலகப் போரில் பிரிட்டன் இந்த வண்டியைக் கட்டியபோது, ரகசியம் காக்க அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியபோதும் அந்தப் பொய்ப் பெயர் விலகவில்லை, இன்றுவரை விலகவில்லை. ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல், போர்ச்சுகீசியச் சொல்லோடு கலந்து போயிருக்கிறது. நம் ஊர் ஏரிகளை வெள்ளைக்காரர்கள் ‘டாங்க்’ என்று எழுதிவைத்ததும் அதனால்தான். அப்படிப் போன சொல்தான் தமிழில் டாங்கியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஈழத்துச் செய்தித்தாள்கள் இதை ‘யுத்த டாங்கி’ என்று எழுதும்.

‘பீரங்கி வண்டி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் பீரங்கியையும் அந்தச் சொல் குறித்துவிடும். அதோடு, ஜெர்மானியர் முதலில் பெருமளவில் கட்டிய டாங்கியான பான்சர் 1இல் பீரங்கியே கிடையாது, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும்தான்.

அந்தப் பான்சர் 1 வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி டாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடை போட்டது. அவர்கள் சோவியத் ரஷ்யாவின் கசான் நகரருகே 1929 முதல் 1933 வரை ஒரு ரகசியப் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். ஜெர்மனியில் நடந்த ஒத்திகைகளில் காரின் மேல் மரத்தாலும் அட்டையாலும் கூடு கட்டி ‘இதுதான் டாங்கி’ என்று ஓட்டினார்கள். பான்சர் 1ஐ வடிவமைத்தபோது காகிதத்தில் அதற்கு ‘விவசாய டிராக்டர்’ என்று பெயர். பிரிட்டன் தொட்டி என்றது, ஜெர்மனி டிராக்டர் என்றது.

1935இல் ஹிட்லர் ஒப்பந்தத்தை வெளிப்படையாக மீறினார். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று மூன்று பான்சர் டிவிஷன்கள், அதாவது பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த பெரிய படை அமைப்புகள், உருவாக்கப்பட்டன: வைமாரில் முதலாவது, வூர்ட்ஸ்பர்க்கில் இரண்டாவது, பெர்லினில் மூன்றாவது. இரண்டாவதற்குத் தலைவராக வந்தவர் ஹைன்ஸ் குடேரியன், அப்போது வெறும் கர்னல். முதல் உலகப் போரில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் இருந்தவர் என்பதால், டாங்கிக்குள் ரேடியோ வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். டாங்கி மட்டும் வேகமாகப் போனால் போதாது, கூடப் போகும் எல்லாமே அதே வேகத்தில் போக வேண்டும் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

பான்சர் டிவிஷன் என்ற பெயரின் பொருள் அங்கேதான் இருக்கிறது. 1935 அமைப்பில் இரண்டு டாங்கி ரெஜிமென்ட்கள் கொண்ட ஒரு பிரிகேட் உண்டு, ஏட்டளவில் 500க்கும் மேல் டாங்கிகள். ஆனால் அதோடு லாரியில் போகும் காலாட்படை, மோட்டார் சைக்கிள் பட்டாலியன், உளவறியும் பிரிவு, பீரங்கி ரெஜிமென்ட், டாங்கி எதிர்ப்புப் பிரிவு, பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் பொறியாளர்கள், தகவல் தொடர்புப் பிரிவு, அப்புறம் இவர்கள் எல்லாருக்கும் பெட்ரோலும் சாப்பாடும் சுமக்கும் லாரி வரிசை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களில் டாங்கிக்குள் உட்கார்ந்தவர்கள் சிறுபான்மைதான்.

1940 மே 13 அன்று பிரான்சின் செடான் நகரில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். மியூஸ் ஆற்றைக் கடக்க வேண்டும். குடேரியனின் கீழ் மூன்று பான்சர் டிவிஷன்கள் கரையில் நிற்கின்றன. தலைக்கு மேலே விமானங்கள் மணிக்கணக்காகக் குண்டு வீச, ஆற்றைக் கடந்தவர்கள் காலாட்படையினரும் பொறியாளர்களும், அதுவும் ரப்பர் படகில் துடுப்புப் போட்டு. இரவோடு இரவாகப் பொறியாளர்கள் பாலம் போட்டார்கள். மறுநாள் காலையில்தான் டாங்கிகள் அக்கரை சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், 13ஆம் தேதி மாலையே புல்சோன் கிராமத்துப் பக்கம் இருந்த பிரெஞ்சு பீரங்கிப் படையினர் ‘டாங்கி வந்துவிட்டது’ என்ற வதந்தியைக் கேட்டு ஓட்டம் பிடித்தார்கள். அந்த நேரத்தில் பிரெஞ்சுப் படையினர் இருந்த கரையில் ஒரு ஜெர்மன் டாங்கி கூட இல்லை.

வெற்றி தலைக்கேறியதும் எண்ணிக்கை விளையாட்டு தொடங்கியது. 1940 மே மாதம் பத்தாக இருந்த டிவிஷன்களை அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய இரு மடங்காக்கினார் ஹிட்லர். டாங்கி உற்பத்தி அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆகவே ஒவ்வொரு டிவிஷனிலும் இருந்த டாங்கி ரெஜிமென்ட்கள் இரண்டிலிருந்து ஒன்றாயின. 1941இல் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது பல டிவிஷன்களிடம் 150 முதல் 200 டாங்கிகள்தான். மற்றவற்றோடு ஒப்பிட்டால் காலாட்படையின் பங்கு கூடியது. 1942இல் அந்தக் காலாட்படைக்குப் ‘பான்சர்கிரனாடியர்’ என்று கௌரவமாகப் பெயர் மாற்றினார்கள். பெயரில் கவசம் வந்ததே தவிர, ஒரு டிவிஷனில் இருந்த நான்கு பட்டாலியன்களில் வழக்கமாக ஒன்றுக்குத்தான் கவச வண்டி கிடைத்தது. மற்ற மூன்றும் சாதாரண லாரியில்தான் போயின.

எதிர்த் தரப்பில் பிரிட்டிஷார் தங்கள் கவச டிவிஷன்களில் டாங்கிகளை நிறைத்துக் காலாட்களைக் குறைத்து வைத்திருந்தார்கள். 1941 நவம்பரில் லிபியாவின் சிடி ரெசெக் பக்கம் அதற்கு விலை கொடுத்தார்கள். தனியாகப் பாய்ந்த டாங்கிகளை ஜெர்மானியர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் பொறுக்கிப் பொறுக்கி அடித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘டாங்கிப் படை’ என்று எழுதினால் மேலே சொன்ன பாலக்காரர்களும் படகுக்காரர்களும் காணாமல் போய்விடுவார்கள். மூலச்சொல் கவசம் என்பதால் கவசம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. தலைக்கவசம் என்று போக்குவரத்துப் போலீஸ் பலகையிலேயே எழுதிப் பழகிய சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதிற்றுப்பத்தில் வீரர்களைக் காக்கும் அரசனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று பாடுகிறார்கள். மெய்யை மறைப்பது, அதாவது கவசம். அழகான சொல், ஆனால் ‘மெய்ம்மறைப் படை’ என்று இன்று எழுதினால் ஒளிந்துகொள்ளும் படை என்றுதான் படிப்பார்கள்.

டிவிஷன் என்பதுதான் தலைவலி. நம் செய்தித்தாள்களில் பிளாட்டூனிலிருந்து டிவிஷன் வரை எல்லாமே ‘படைப்பிரிவு’. முப்பது பேர் கொண்ட அணிக்கும் பதினைந்தாயிரம் பேர் கொண்ட அமைப்புக்கும் ஒரே சொல் என்றால் போர் வரலாறு எழுதவே முடியாது. இலங்கைத் தமிழ் ஊடகங்கள் இதில் கொஞ்சம் தெளிவு: ‘53ஆவது படைப்பிரிவு’ என்றால் டிவிஷன், ரெஜிமென்டுக்குப் படையணி. நானும் அந்த வழியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். டிவிஷன் படைப்பிரிவு, ரெஜிமென்ட் படையணி. பட்டாலியனையும் கம்பெனியையும் அப்படியே விட்டுவிடலாம், தமிழ்நாட்டில் போலீஸ் புண்ணியத்தில் அவை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்.

ஆகவே பான்சர் டிவிஷன் என்றால் கவசப் படைப்பிரிவு. பான்சர்கிரனாடியர் கவசக் காலாட்படை. டாங்கியை டாங்கி என்றே சொல்லலாம். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி: ஜெர்மன் தளபதி ரொம்மல் 1940இல் பிரான்சில் நடத்தியது ஜெர்மனியின் 7ஆவது பான்சர் டிவிஷன்; அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ‘பாலைவன எலிகள்’ என்று பேர் வாங்கிய பிரிட்டனின் 7ஆவது ஆர்மர்டு டிவிஷனும் உண்டு. தமிழில் இரண்டுமே 7ஆவது கவசப் படைப்பிரிவு ஆகிவிடும். ரொம்மலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முன்னால் நாட்டின் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும், அல்லது ஜெர்மானியருக்கு மட்டும் பான்சர் என்றே விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.