விலா எலும்பை வெட்டிக்கொண்டார்களா? கார்செட் கதைகளும் இன்றைய பெல்ட்டுகளும்

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்த (ஸ்கோலியோசிஸ்) பிள்ளைகளுக்கு பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் தாங்கு கவசம்) போடச் சொல்லும்போது, அம்மாக்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "மேடம், அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க போட்ட கார்செட் மாதிரி இதுவும் விலா எலும்பை நசுக்கிடுமா?" கார்செட் என்பது மார்பிலிருந்து இடுப்புவரை நாடாவால் இறுக்கிக் கட்டும் விறைப்பான உள்ளாடை. சிலர் போனில் ஒரு படத்தையும் காட்டுவார்கள். ஒரு பக்கம் இயல்பான உடல். மறுபக்கம் இடுப்பு குறுகி, கல்லீரலும் குடலும் கீழே பிதுங்கிய உடல். அதே கிளினிக்குக்குப் பிரசவம் முடிந்து சில மாதங்களே ஆன பெண்களும் வருகிறார்கள், ஆன்லைனில் வாங்கிய வெயிஸ்ட் டிரெய்னரை (இடுப்பை இறுக்கும் பெல்ட்டை) இறுக்கிப் போட்டுக்கொண்டு. "கார்செட் போட்டுத்தானே அந்தக் காலத்து ராணிகளுக்கு இடுப்பு சிறுத்தது?" என்பது அவர்களின் நம்பிக்கை.

ஒரே உடையைப் பற்றிய அரைகுறைத் தகவல் ஒருவரைத் தேவையான சிகிச்சையிலிருந்து விரட்டுகிறது, இன்னொருவரைத் தேவையில்லாத பொருளை வாங்க வைக்கிறது. பிசியோதெரபிஸ்டாக எனக்கு இது கவலையாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த விலா எலும்புக் கதை. இடுப்பு சிறுக்க வேண்டும் என்று விக்டோரியா காலத்துப் (19ஆம் நூற்றாண்டு) பெண்கள் அடி விலா எலும்புகளை அறுத்து எடுத்துக்கொண்டார்கள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ஈதர் மயக்க மருந்து பொதுவில் செய்து காட்டப்பட்டதே 1846இல்தான். அறுவை மருத்துவர் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867இல். அதற்கு முன்பு சாதாரண எலும்பு முறிவுக் காயமே சீழ்பிடித்து உயிரை எடுத்துவிடும். அப்படிப்பட்ட காலத்தில் நுரையீரலை ஒட்டிய எலும்பை அழகுக்காக எடுக்க எந்தச் சர்ஜன் கத்தியைத் தொடுவார்? இப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்ததற்கு நம்பகமான மருத்துவக் குறிப்பு அந்த நூற்றாண்டிலிருந்து கிடைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் நடிகைகளைச் சுற்றிய வதந்திகள். அன்னா ஹெல்ட் என்ற புகழ்பெற்ற மேடை நடிகை மெல்லிய இடுப்புக்குப் பேர்போனவர், விலா எலும்பை எடுத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றியும் பேசினார்கள். 1918இல் அவர் இறந்தது எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயால். அதற்கும் கார்செட்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. நோயில் வாடிய ஒரு பெண்ணின் சாவையும் இடுப்பளவோடு முடிச்சுப் போட்டார்களே என்று படிக்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது, அந்தக் காலத்துப் பெண்களின் இடுப்பு 16 அங்குலம்தான் இருந்தது என்ற கதை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் சிமிங்டன் என்ற கார்செட் தயாரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு இருக்கிறது. அங்குள்ள கார்செட்டுகளை அளந்து பார்த்தபோது, பெரும்பாலானவை 20 முதல் 26 அங்குலம் வரை இருந்தன. இது உடையின் அளவு. உடம்பின் அளவு இதைவிடக் கூடுதல், ஏனென்றால் பின்பக்க நாடாவை இரண்டு ஓரங்களும் ஒட்டும்வரை இழுத்துக் கட்டுவது வழக்கமில்லை. இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டே கட்டுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக்கு மாட்டி முழுக்க மூடிக் காட்டும்போது அந்த இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் பழைய புகைப்படங்களில் இடுப்பு ஏன் அவ்வளவு மெல்லியதாகத் தெரிகிறது? கீழே வளையங்கள் வைத்த பெரிய பாவாடை, மேலே உப்பிய கை, மார்பிலும் இடுப்பின் பக்கங்களிலும் பஞ்சுத் திணிப்பு. மேலும் கீழும் அகலமானால் நடுப்பகுதி தானாகவே சிறுத்துத் தெரியும். போதாததற்கு அன்றைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே இடுப்பைச் செதுக்கித் தந்தார்கள். இன்று போனில் ஃபில்டர் போடுகிற வேலையை அவர்கள் கையால் செய்தார்கள். 1860களில் ஓர் ஆங்கிலப் பெண்கள் பத்திரிகையில் 13, 14 அங்குல இடுப்பு பற்றி வாசகர் கடிதங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பெரும்பகுதி கற்பனை என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சோகம் என்னவென்றால், பின்னால் வந்த பலர் அந்தக் கடிதங்களையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண், முதுகில் காலை ஊன்றி நாடாவை இழுக்கும் பணிப்பெண் என்ற காட்சியும் கேலிச்சித்திரங்களிலிருந்து சினிமாவுக்கு வந்ததுதான். துணியில் ஊசியால் தைத்த ஓட்டைகள் அவ்வளவு இழுப்பைத் தாங்காது, கிழிந்துவிடும். உலோக வளையம் அடித்த ஓட்டைகள் 1828 வாக்கில்தான் வந்தன. அடுத்த ஆண்டுகளில் முன்பக்கம் கொக்கி போட்டுத் திறந்து மூடும் இரும்புப் பட்டை வந்தது. அது பரவியபின், நாடாவைத் தளர்த்தி, தானே மாட்டி, தானே கழற்ற முடிந்தது. மில்லிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்களும் இதைப் போட்டார்கள். பிரா புழக்கத்துக்கு வராத காலம் அது, மார்பைத் தாங்க வேறு வழி இல்லை. கனமான பாவாடைகளின் கயிறு இடுப்பை அறுக்காமல் பார்த்துக்கொண்டதும் இதுதான். கர்ப்பிணிகளுக்குப் பக்கவாட்டில் தளர்த்தும் வகையும், பால் கொடுக்க மார்பில் திறக்கும் வகையும் இருந்தன. ஆண்களும் போட்டார்கள், இங்கிலாந்து அரசர் நான்காம் ஜார்ஜ் அவர்களில் ஒருவர்.

"திமிங்கல எலும்பு வைத்துத் தைத்தார்கள்" என்பதைக் கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். அது எலும்பே கிடையாது. சில வகைத் திமிங்கலங்களின் வாயில், கடல்நீரை வடிகட்டத் தொங்கும் தகடுகள் அவை. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரட்டின். மெல்லிய பட்டைகளாகக் கீறித் துணிக்குள் செருகுவார்கள். உடம்புச் சூட்டில் கொஞ்சம் இளகி, போட்டவரின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும்.

இரும்புக் கார்செட் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எதற்காக என்று பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, கூன் விழுந்த முதுகை நேராக்க, ஓட்டைகள் போட்ட இரும்புத் தகட்டுக் கவசங்களைச் செய்வித்தார். பாரமாக இருக்கக்கூடாது என்றுதான் ஓட்டைகள். பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும் என்றும் எழுதினார். நாங்கள் இன்று பரிந்துரைக்கும் பிரேஸின் முன்னோடி அதுவே. மியூசியத்தில் இருக்கும் இரும்புக் கவசங்கள் சிலவும் இப்படிச் சிகிச்சைக்குச் செய்தவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சரி, அப்படியானால் கார்செட் தீங்கே செய்யவில்லையா? செய்தது. இதை மறைத்தால் நானும் இன்னொரு கட்டுக்கதையைப் பரப்பியவளாவேன். சிறு வயதிலிருந்து இறுக்கிக் கட்டிய பெண்களின் எலும்புக்கூடுகளில் அடி விலா எலும்புகள் உள்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனைகளில் கல்லீரலின் மேல் பள்ளம் பதிந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இறுக்கமான கார்செட் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) கீழே இறங்குவதைத் தடுக்கும், மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் ஆடினாலோ ஓடினாலோ தலைசுற்றத்தான் செய்யும். ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் சோமரிங் 1788இலேயே இதன் தீங்குகளை எழுதினார். ஆனால் பின்னால் வந்த சில மருத்துவர்கள் காசநோய், புற்றுநோய் உட்பட காரணம் தெரியாத நோய்களையெல்லாம் கார்செட்டின் தலையில் கட்டினார்கள். வலைத்தளங்களில் சுற்றும் கார்செட் எக்ஸ்ரே படங்கள் பல, 1908இல் பிரெஞ்சு மருத்துவர் ஓஃபோலோவெல் வெளியிட்டவை. அவர் கேட்டது முழுத் தடையை அல்ல, உடம்பைக் குறைவாக அழுத்தும் வடிவத்தை.

என் துறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி 1900ஐ ஒட்டி வந்த நேர்முன் கார்செட், அதாவது முன்பக்கம் நேராக இருக்கும் கார்செட். இனெஸ் காஷ்-சராட் என்ற பெண் மருத்துவர், வயிற்றுக்கு அழுத்தம் குறையட்டும் என்று நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த வடிவம் அது. ஃபேஷன் அதைப் பிடித்துக்கொண்டதும் மார்பு முன்னால், பின்பகுதி பின்னால் என்று உடல் எஸ் வடிவத்தில் வளைந்தது. கீழ்முதுகின் வளைவு அதிகமானால் அங்குள்ள தசைகளும் மூட்டுகளும் படும் பாடு எனக்குத் தெரியும். "ஆரோக்கியமானது" என்ற விளம்பரத்தோடு விற்ற உடை இது.

அதே விளம்பரத்தோடுதான் இன்று வெயிஸ்ட் டிரெய்னர் விற்கிறது. அது கொழுப்பைக் கரைக்காது. குறைகிற எடை வியர்வைதான். தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். வயிற்றைச் சுற்றி இறுக்கும்போது உள்ளழுத்தம் மேலே போனால் நெஞ்செரிச்சல், கீழே போனால் பிரசவத்தில் ஏற்கனவே தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளுக்குச் (சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குபவை) சுமை. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கழற்றச் சொல்வது இதைத்தான். நம் வீடுகளில் பழைய புடவைத் துணியால் வயிறு கட்டுவதும் மூச்சை முட்டாத அளவுக்கு இருக்கட்டும், சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிரேஸ் வேறு கணக்கு. எக்ஸ்ரேயில் வளைவை அளந்து, குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் அழுத்தம் தந்து, எதிர்ப்பக்கம் மூச்சுக்கும் வளர்ச்சிக்கும் இடம் விட்டுச் செய்வது. 2013இல் வெளியான பெரிய அமெரிக்க-கனடிய ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 பாகையைத் தொடாமல் வளர்ச்சி முடிந்தது. போடாமல் கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 48 சதவீதம். அதிக மணி நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம்.

பிள்ளைக்கு பிரேஸ் போட்டிருந்தால் கழற்றியதும் தோலைப் பாருங்கள். அழுத்தம் தரும் இடத்தில் லேசான சிவப்பு வரும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மேலும் அந்தச் சிவப்பு போகாமல் இருந்தாலோ, தோல் உரிந்தாலோ, உட்காரும்போது தொடையில் குத்தினாலோ பிரேஸ் செய்து கொடுத்தவரிடம் எடுத்துப் போங்கள், ஓரத்தைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்து தருவார். உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன் போட்டுவிடுங்கள். சாப்பிட்டதும் வயிறு முட்டுகிறது என்று பிள்ளை சொன்னால், ஒரே வேளையில் நிறைய கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள்.