ஊருக்குக் கிளம்பும் முன், கட்டையைப் பற்றிக் கொஞ்சம்

ஆறு வாரம் ஓடிவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நேற்று கடைசிப் பாட்டு வகுப்பு, நாளை சென்னைக்கு விமானம். பெட்டியில் என் புடவைகளை விட பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த முறுக்கு டப்பாக்கள்தான் அதிக இடம் பிடித்திருக்கின்றன. மூட்டை கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வருடம் இதே மண்டபத்தில் நான் செய்த ஒரு தப்பு.

அப்போது 14 பிள்ளைகள், இரண்டே வாரம். எல்லோரும் சேர்ந்து பாட ஒரு சுருதி வேண்டுமே என்று என்னுடைய 5 கட்டையையே வைத்துவிட்டேன் (கட்டை என்பது பாடும் சுருதியின் உயரம், எண் கூடினால் உயரமும் கூடும்). பெண் பிள்ளைகளுக்கு ஒத்துப்போனது. 13 வயதுப் பையன் ஒருவன் மட்டும் மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்கு, போகும்போதெல்லாம் மோவாயைத் தூக்குவான், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் கீறிக்கொண்டு வரும். சாதகம் (பாட்டுப் பயிற்சி) போதவில்லை, விடியற்காலையில் எழுந்து பாடு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டேன். பாவம், சொன்னபடியே செய்திருக்கிறான்.

இந்த முறை அவன் "வணக்கம் டீச்சர்" என்றபோதே தகர டப்பாவைத் தேய்த்த மாதிரி இருந்தது. பாட்டிதான் அழைத்து வந்திருந்தார். "நாலு மாசமா இப்படித்தான் டீச்சர். உறுமி மேளத்துல கத்துறான்லா, அதான்னு விட்டுட்டோம்." கோயில் திருவிழாவுக்கு மைக் இல்லாமல் உறுமிச் சத்தத்துக்கு மேலே பாடுவது ஒரு பக்கம், மகரக்கட்டு உடையும் வயது (பையன்களுக்குக் குரல் மாறும் பருவம்) இன்னொரு பக்கம், இதற்கு நடுவில் என் 5 கட்டை.

குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சளி இல்லை, டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். இங்கே அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள்), அங்கே கடிதம் வாங்கினால் நிபுணரைப் பார்க்கலாம். முதல் வாரமே கடிதம் வாங்க வைத்தேன், ஐந்தாவது வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு குரல்நாண்களிலும் சின்னதாக முடிச்சு. பாட்டி பயந்துபோனார். அவர் பல வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். உள்ளங்கையில் கத்தி பிடித்த இடம் காய்த்துக் கிடக்கிறது. அதைத் தொட்டுக் காட்டி, பாட்டி, இதே காய்ப்புதான் அவன் தொண்டைக்குள்ளேயும் என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலைய விட்டப்புறம் எனக்கு இது இளகிடுச்சே" என்றார். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான், கத்துவதை நிறுத்தி, குரல் பயிற்சியும் கொடுத்தால் பல முடிச்சுகள் தானாகவே சுருங்கும். ஆனால் கிசுகிசுவென்று பேசச் சொல்லாதீர்கள், அதுவும் தொண்டையை இறுக்கும்.

சரி, கட்டைக்கு வருவோம். டீச்சர் பாடுகிற கட்டை டீச்சருடைய தொண்டைக்கு. பிள்ளையை நிற்க வைத்து மாயாமாளவகௌளையில் (ஆரம்பப் பாடத்து ராகம்) மெதுவாக மேல் ஸட்ஜம் வரை ஏறச் சொல்லுங்கள். காதை விட கண்ணுக்குத்தான் வேலை. மோவாய் மேலே போனால், தோள் ஏறினால், சுருதிப்பெட்டியை அரைக் கட்டை இறக்கி மறுபடியும் பாருங்கள். இறக்குவதில் மானக்கேடு ஒன்றுமில்லை, "நம்ம பொண்ணு ஆறு கட்டையில பாடுது" என்று பெருமை பேசும் அப்பாக்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை போய்விட்டது. கரோக்கேவிலும் அதே கதைதான். சினிமாப் பாட்டை அசல் சுருதியில்தான் பாட வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் பெட்டியிலேயே கீ இறக்கும் பொத்தான் இருக்கிறது.

மகரக்கட்டு உடையும்போது ஆண் பிள்ளையின் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (மேல் 'ஸ'விலிருந்து கீழ் 'ஸ' வரை) இறங்கிவிடும், அதுவும் ஒரே நாளில் இல்லை. அந்த மாதங்களில் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. நடு ஸ்தாயியில், எட்டாத ஸ்வரத்தைத் துரத்தாமல் மெல்லப் பாடட்டும், மீதி நேரம் தாளம் போடட்டும். இந்த முறை வகுப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு சுருதி வைத்தேன். நேரம் இரட்டிப்பாகப் போனது, போகட்டும்.

பிள்ளைகளே, இனி சனிக்கிழமைகளில் போனில்தான் வகுப்பு, சென்னையை விட உங்களுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரம், அதை மறக்காதீர்கள். சத்தம் தாமதமாக வரும், அதனால் என்னோடு சேர்ந்து பாட முடியாது, நான் பாடி முடித்தபின் நீங்கள். முகத்தை மட்டும் காட்டாமல் போனைத் தள்ளி வையுங்கள், எனக்குக் கழுத்தும் தோளும் தெரிய வேண்டும்.

நேற்று ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் அவரவர் கட்டையைப் பேனாவில் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு மட்டும் பென்சிலில் 2½. "ஏன் டீச்சர், எனக்கு மட்டும் பென்சில்?" என்று கேட்டான், அந்தத் தகரக் குரலில்.

"அடுத்த முறை வரும்போது அழிப்பேன்டா."