ஒரே வாசல் இல்லாத இணையம்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் ஊரடங்கு. கொழும்பில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், ட்விட்டர் எல்லாம் ஏறத்தாழ 15 மணி நேரம் தடைப்பட்டுக் கிடந்தன. 2018இல் கண்டி வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும் சமூக ஊடகங்கள் இப்படித்தான் முடக்கப்பட்டன. ஒரு நாட்டின் பேச்சை ஓர் உத்தரவால் நிறுத்த முடிவது எப்படி?

வெள்ளவத்தையில் இருக்கும் தம்பி தெஹிவளையில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரிச் செய்திகூட, கடல் கடந்து அந்த நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வர்) போய்த்தான் திரும்பி வருகிறது. அந்த வழங்கிகளுக்குப் போகும் பாதையை இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அடைத்தால் போதும். பேச்செல்லாம் நாலைந்து நிறுவனங்களிடம் குவிந்திருப்பதால் அடைக்க வேண்டிய பாதைகளும் சிலவே. அரசு தலையிடாமலும் இது நேரும். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் நிறுவனம் தன் வலையமைப்பில் செய்த தவறான மாற்றத்தால், தளத்தின் முகவரியைச் சொல்லும் அதன் பெயர் வழங்கிகளை வெளியுலகம் எட்ட முடியாமல் போயிற்று. உலகம் முழுவதும் சுமார் 6 மணி நேரம் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் இல்லை.

இணையம் பிறக்கும்போது இப்படி இருக்கவில்லை. மின்னஞ்சலைப் பாருங்கள். 1982இல் வகுக்கப்பட்ட ஒரு பொது நெறிமுறைப்படி எந்த வழங்கியும் எந்த வழங்கிக்கும் கடிதம் அனுப்பலாம். நடுவில் உரிமையாளர் எவரும் இல்லை. அதே எண்ணத்தைச் சமூக ஊடகத்துக்குக் கொண்டுவருவதுதான் 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறை. ட்விட்டரைப் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடான் இதில்தான் இயங்குகிறது. கொழும்பில் ஒரு வாசகர் வட்டம் சொந்தமாக ஒரு வழங்கியை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் எழுதியதும், அவரைப் பின்தொடர்வோர் இருக்கும் டொரன்டோ வழங்கிக்கு அதன் பிரதி மின்னொப்பத்துடன் போய்ச் சேரும். ஒப்பம் சரியா என்று அந்த வழங்கி பார்த்து ஏற்றுக்கொள்ளும். வழங்கி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குக் குடிபெயரலாம். பின்தொடர்வோர் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் வருவதில்லை, அது ஒரு குறைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் வெறுப்புப் பேச்சு. கண்டி வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்து கண்காணிக்கும் சிறு வழங்கிகள் இதைச் சிறப்பாகத் தடுக்கும் என்று நம்புகிறேன். ஆனால் வெறுப்பைப் பரப்பவே ஒருவர் வழங்கி நடத்தினால், மற்றவர்கள் அதனுடன் தொடர்பைத் துண்டிக்கலாமே தவிர, அதை மூட முடியாது.

இன்னோர் அணுகுமுறை, கோப்புகளைப் பலருடைய கணினிகளில் வைத்துப் பகிரும் ஐபிஎஃப்எஸ். அது எனக்கு நெருக்கமானது. இன்றைய வலை முகவரி, ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அந்த இடம் மூடப்பட்டால் முகவரியும் செத்துவிடும். ஐபிஎஃப்எஸ் முகவரியோ கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படுகிறது. கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற, 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைக் கணிதம் தருகிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். ஆகவே "இந்தக் கைரேகை யாரிடம் உண்டு?" என்று வலையமைப்பைக் கேட்டு, யார் கொடுத்தாலும் வாங்கலாம். கொடுத்தவரை நம்ப வேண்டியதில்லை; வந்ததை மீண்டும் கணித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்தவர்கள் நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் விலை நமக்குத் தெரியும். 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிவரும் 'நூலகம்' என்ற இணைய நூலகம் போன்ற முயற்சிகளின் கோப்புகள் பல ஊர்களில், பல கைகளில் இருக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து. ஆனால் கைரேகை எதையும் தானாகக் காப்பாற்றாது. அந்தக் கோப்பை வைத்திருக்கும் கடைசிக் கணினியும் அணைந்தால் முகவரி இருக்கும், நூல் இருக்காது. கொழும்பிலோ டொரன்டோவிலோ யாராவது வன்தட்டு வாங்கி, மின்கட்டணம் கட்டி, அதை ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.