ரிஃப்ளக்ஸ் = எதுக்களிப்பு

கைக்குழந்தை பால் குடித்த சற்று நேரத்தில் அம்மாவின் தோளில் வழியவிடுகிறது. டாக்டர் சீட்டில் 'ரிஃப்ளக்ஸ்' என்று எழுதுகிறார். வீட்டில் பாட்டி, 'தயிர் தயிரா கக்குது' என்கிறார். இரண்டும் ஒன்றுதான்.

ரிஃப்ளக்ஸ் லத்தீன் வழி வந்த சொல். 'ரி' என்றால் திரும்ப, 'ஃப்ளுவேரே' என்றால் பாய்தல். ஆங்கிலத்தில் முதலில் கடல்நீர் வற்றிப் பின்வாங்குவதைக் குறித்தது; வயிற்றுக்கு வந்தது பிற்பாடுதான்.

இதை 'அமிலப் பின்னோட்டம்' என்று பெயர்க்கிறார்கள். குழந்தை விஷயத்தில் 'அமிலம்' பாதிதான் சரி. குடித்த பாலே இரைப்பை அமிலத்தைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்திவிடும். அப்போது மேலே வருவதில் புளிப்பு அதிகம் இருக்காது. நம்மிடம் 'எதுக்களிப்பு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? உண்டது தொண்டைக்குத் திரும்பி வருவது என்பதே அதன் பொருள். 'எதிர்க்களிப்பு' என்றும் சொல்வார்கள். 'சாப்பிட்டதும் படுத்தேன், எதுக்களிச்சிட்டு வருது' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொண்டைவரை வந்து திரும்பினாலும் எதுக்களிப்புதான். வாய் வழியாக அலுங்காமல் வழிந்தால் கக்கல். வயிறு முக்கித் தள்ளினால் வாந்தி, இது வடசொல். 'கக்குதா, வாந்தி எடுக்குதா?' என்று டாக்டர் கேட்பது சும்மா இல்லை.

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை அவ்வப்போது தானாகத் தளரும். குழந்தைக்கோ உணவெல்லாம் திரவம், நாளெல்லாம் படுக்கை. அப்புறம் எப்படி உள்ளேயே நிற்கும்? 4 மாத வாக்கில் இது உச்சத்தில் இருக்கும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். 'கக்கின பிள்ளை தக்கும்' (தக்கும் என்றால் பிழைத்துத் தங்கும்) என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை.

ஒரே மூச்சில் வயிறு முட்டக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, நடுவில் ஏப்பம் விட வைத்து, 20, 30 நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருந்தால் குறையும். நிமிர்த்துவது என்றால் உட்காரவைப்பது அல்ல. கார் சீட்டில் சரிந்து உட்காரும் குழந்தைக்கு வயிறு மடங்கி அழுந்துவதால் எதுக்களிப்பு கூடத்தான் செய்யும்.

வலப்பக்கம் கிடத்துவதைவிட இடப்பக்கமோ குப்புறவோ கிடத்தினால் எதுக்களிப்பு குறைகிறது. ஆனாலும் தூங்கும்போது அப்படிக் கிடத்தக் கூடாது. உறக்கத்திலேயே திடீரென உயிர் போகும் ஆபத்து கூடும். தூக்கத்துக்கு மல்லாக்கத்தான். மல்லாந்தால் புரையேறாதா என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. மல்லாந்த குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். தேங்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடந்தால் நேர்மாறு. தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைப்பதும் கைக்குழந்தைக்குப் பலன் தருவதில்லை. கால்மாட்டுக்கு நழுவிச் சுருண்டுவிடலாம்.

எடை ஏறாமல், பால் மறுத்து அழுதால் அது 'எதுக்களிப்பு நோயாக' இருக்கலாம், மருந்து தேவைப்படலாம். பச்சை நிறத்திலோ ரத்தத்தோடோ வந்தாலும், பீச்சியடித்தாலும் அதற்கு எதுக்களிப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.